மிகச் சீக்கிரம் வந்த பதில்

செவ்வாய்க்கிழமை, காலை 11:51.

ஆய்வு மையத்தின் இரண்டாவது மாடியில் வடிவமைப்பாளர் தன் கோப்பைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. மூடித் திறந்தாள். கணினியை அணைத்துப் போட்டாள். பக்கத்து அறைக் கணினியில் போய்ப் பார்த்தாள். பதினொரு மாத அளவீடு, நாலு புயல், ஒரு வெள்ளம், எண்ணூற்றுச் சொச்சம் மின்வெட்டு. எல்லாம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அவள் அலறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "போச்சு," என்றாள். பிறகுதான் அழுதாள்.

ஐந்து ஊர்களை இணைக்கும் தகவல் தொடர்பு வலையமைப்பை வடிவமைப்பது அவளுடைய வேலை. மலையூர், துறைமுகம், அணைக்கட்டு, ஆலைப்பகுதி என்று நாலு இடத்தில் இடுப்பு உயர இரும்புப் பெட்டி ஒவ்வொன்று. ஐந்தாவது இந்த மையத்திலேயே. பெட்டிக்குள் கணினி. ஒன்றில் எழுதியது ஐந்திலும் நகலாகும். ஒன்று மூழ்கினாலும் ஒன்று எரிந்தாலும் மற்றவை பேசிக்கொண்டே இருக்கும். யாரும் தலைவர் இல்லை. எதையாவது அழிக்க வேண்டுமென்றால் ஐந்தில் மூன்று பெட்டி சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்பது அந்தந்த ஊர்ப் பொறுப்பாளர் தன் அட்டையைச் சொருகிப் பச்சைப் பொத்தானை அமுக்குவது. மூன்று சம்மதம் விழுந்துவிட்டால் மிச்ச இரண்டும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளும்.

இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும்போது தனியாக நகல் எதற்கு என்று அவள் எடுத்து வைக்கவில்லை. ஐந்து இடத்தில் இருப்பதை ஆறாவது இடத்தில் வைத்தால் தன் வடிவமைப்பைத் தானே நம்பாதது போலாகும் என்று நினைத்தாள். நன்றாகப் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

வெள்ளிக்கிழமை ஐந்து ஊர்ப் பிரதிநிதிகளும் வந்து முடிவு சொல்வதாக இருந்தது. இவளுடைய திட்டமா, எல்லாவற்றையும் மையமே ஆளும் பழைய திட்டமா என்று. இயக்குநருக்குப் பழைய திட்டம்தான் பிடிக்கும். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

12:05. சோதனைப் பொறியாளர் பதிவேட்டை அச்செடுத்து வந்து மேசைமேல் வைத்தார். மலை, துறைமுகம், அணை, மூன்றும் அழிக்கச் சம்மதம் கொடுத்திருந்தன. நேரம் 11:42.

12:40. இயக்குநர் மூன்று ஊருக்கும் போன் போட்டு மூன்று பொறுப்பாளர்களையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். காரணம் அவருக்குத் தெளிவாக இருந்தது. புதுத் திட்டம் வந்தால் ஷிப்டு கூடும் என்று போன மாதம்தான் பொறுப்பாளர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உண்மையைச் சொன்னால் வேலையோடு போகும். சொல்லாவிட்டால் போலீஸ் என்றார்.

*

செவ்வாய், பிற்பகல் 2:30. மலையூர்.

மார்பளவுக் குழிக்குள் நின்று கேபிள் இணைத்துக்கொண்டிருந்தவனை எல்லோரும் எதிரொலி என்று கூப்பிடுவார்கள். கண்ணாடி இழைக் கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவன் தொழில். ஒரு முனையிலிருந்து வெளிச்சத்தைத் தட்டிவிடுவான். அறுந்த இடத்தில் மோதி அது திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்து எவ்வளவு தூரத்தில் அறுந்தது என்று சொல்வான். சொன்ன இடத்தில் தோண்டுவார்கள். இருபது வருடத்தில் இரண்டு முறைதான் தப்பான இடத்தில் தோண்ட வைத்திருக்கிறான். அந்த இரண்டையும் ஊர் இன்னும் சொல்லிக் காட்டுகிறது.

போனில் தங்கச்சி. "அண்ணா, இவரை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. திருட்டுப்பட்டம் கட்டியிருக்காங்க. நீ வா," என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு நீட்டிப் பேசும் பழக்கம் இல்லை.

தங்கச்சி கணவன்தான் மலையூர்ப் பெட்டியின் பொறுப்பாளன். பெட்டி அறையின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போகக் கூடாது என்று உத்தரவாம். அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து காவல் காத்தான்.

"மச்சான், நான் அந்தப் பொத்தான் பக்கமே போகல. உன் தங்கச்சி மேல சத்தியம்."

"அவளை விடு மாப்ள. நீ பண்ணின சத்தியத்துக்கெல்லாம் அவ எத்தனையோ தடவை போயிருக்கணும். 11:42க்கு எங்க இருந்த?"

போனில் இருந்தானாம். 11:35 முதல் 11:48 வரை. மறுமுனையில் அந்த வடிவமைப்பாளரே இருந்தாளாம். மனுவைப் பற்றிப் பேச அவள்தான் கூப்பிட்டிருந்தாள். போன் இந்தச் சுவரில், பெட்டி எதிர்ச்சுவரில். நடுவில் ஏழு எட்டு வைக்கும் தூரம். போனுக்கு ஒயர் உண்டு, ஒன்றரை எட்டுக்கு மேல் நீளாது. இதை இயக்குநரிடம் சொன்னானா என்று எதிரொலி கேட்டான். சொன்னானாம். ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டுப் போய் அமுக்கிவிட்டு வரலாமே என்று அவர் சொன்னாராம்.

"அட்டை?"

"இதோ கழுத்துல. குளிக்கிறப்பகூட கழட்டறதில்லன்னு உன் தங்கச்சி திட்டுவா."

எதிரொலிக்கு உள்ளே போகத் தடை எதுவும் இல்லை. போனான். பெட்டியின் சின்னத் திரையில் பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது. அளவீடுகள் போயிருந்தாலும் பதிவேடு போகவில்லை. அதை எத்தனை பேர் சம்மதித்தாலும் அழிக்க முடியாது. மையத்தில் பதிவாவது அப்படியே ஐந்து பெட்டியிலும் நகலாகும். நோட்டை எடுத்துத் திரையில் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டான். வெளியே மாப்பிள்ளை, மகள் பள்ளியிலிருந்து வந்தால் அப்பா ஏன் வாசலில் இருக்கிறார் என்று கேட்பாள், அவளுக்கு என்ன சொல்வது என்று புலம்பிக்கொண்டிருந்தான். அதனால் எதிரொலி எழுதினானே தவிர, படிக்கவில்லை.

இன்றையவை இப்படி:

11:42:07 — மலை — சம்மதம் — ஏற்பு — 0.2
11:42:18 — துறைமுகம் — சம்மதம் — ஏற்பு — 0.2
11:42:29 — அணை — சம்மதம் — ஏற்பு — 0.2

அதற்கு மேலே போன மாதத்தில் ஒரு பழுதான அளவீட்டை அழித்தபோது இதே மூன்று பேர் கொடுத்த சம்மதமும் இருந்தது. கை ஓடிய வேகத்தில் அதையும் எழுதிவிட்டான். மலை 2.6, துறைமுகம் 3.3, அணை 1.3.

"நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல போறேன்," என்றான். "துறைமுகத்துக்காரனும் அணைக்காரனும் என்ன சொல்றாங்க?"

துறைமுகத்துக்காரன் அந்த நேரம் பெட்டி அறையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தானாம். அணைக்காரன் கூரைமேல் நின்றானாம். இரண்டு பேரும் சொல்வது உண்மையாக இருக்கும் என்று எதிரொலிக்குப் பட்டது. பொய் சொல்கிறவன் வேலை நேரத்தில் டீ குடிக்கப் போனேன் என்று சொல்ல மாட்டான்.

*

புதன், காலை 10:10. ஆய்வு மையம்.

இயக்குநர் நல்ல தடிமனான ஆள். நாற்காலியை விட்டு எழாமலே கேட்டார்.

"நீங்க யாரு?"

"கேபிள்ல பிழை பார்க்கிற ஆள் சார். உங்க கேபிள்தான்."

"கேபிள்ல பிழை இல்லையே. ஆளுங்கதான் பிழை."

அதையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான். வடிவமைப்பாளர் அவனுக்காகப் பேசினாள். போன வருடப் புயலில் அறுந்த கேபிளை நாலு மணி நேரத்தில் இவர்தான் பிடித்தார் என்றாள். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி வரை யார் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

அவள் வராந்தாவில் நடந்துகொண்டே பேசினாள். முகம் தூங்காத முகம்.

"மூணு பேரு சேர்ந்துக்கிட்டு அழிக்கலாம்னா என் திட்டம் செத்துப்போச்சு அண்ணா. மூணு பேரு சேர மாட்டாங்கங்கிறதுதான் அதுக்கு உயிரு. வெள்ளிக்கிழமை நான் எதைக் காட்டுவேன்? அளவீடும் இல்ல, நம்பிக்கையும் இல்ல."

"எங்க மாப்ள உங்களோட போன்ல இருந்தானா?"

"பதிமூணு நிமிஷமும் பேசிக்கிட்டே இருந்தாரு. ரிசீவரை வெச்சுட்டுப் போனா எனக்குத் தெரியாதா? அவரு மூச்சு விடறதுக்கே நிறுத்தறதில்ல."

அது உண்மை என்று எதிரொலிக்குத் தெரியும். தங்கச்சி கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

சோதனைப் பொறியாளரின் அறை படிக்கட்டுக்குப் பக்கத்தில். ஐம்பது வயது, சிரித்த முகம், இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. பத்து நாளைக்கு முன் பல்பு மாற்ற ஏணியில் ஏறி விழுந்தாராம். கட்டின்மேல் அலுவலகத்தார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் பெரிய எழுத்தில் "சோதனை தோல்வி" என்று எழுதியிருந்தார். அதை அவரே திருப்பிக் காட்டிச் சிரித்தார். கைத்தடியை ஊன்றி எழுந்து எதிரொலிக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. பதிவேட்டின் அச்சுத்தாளைக் கொடுத்தார். சுத்தமான அச்சு. நேரம், ஊர், சம்மதம், ஏற்பு என்று நாலு பத்தி.

மேசைக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி ஒன்று ஒயரைச் சுருட்டிக் கட்டியபடி நின்றது. முகப்பில் "ஆலை" என்று எழுதியிருந்தது.

"இது என்ன சார் இங்க இருக்கு?"

ஒத்திகைப் பெட்டி என்றார் பொறியாளர். எந்த மாற்றத்தையும் ஊர்ப் பெட்டிகளில் போடுவதற்கு முன் இங்கே போட்டுப் பார்ப்பார்கள். அதற்காக நாலு ஊருக்கும் நாலு இரட்டைப் பெட்டி கீழே ஒத்திகை அறையில் உண்டு. இதில் ஏதோ பழுது, ரிப்பேர் பார்க்கத் திங்கள்கிழமை வாட்ச்மேனைத் தள்ளிவரச் சொன்னாராம். மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாராம்.

எதிரொலி சும்மா குனிந்து பின்பக்கம் பார்த்தான். தொழில்காரன் தொழில்காரனின் ரிப்பேரைப் பார்ப்பது வழக்கம். மூடியை நாலு திருகாணி பிடித்திருந்தது. தொழிற்சாலையில் அடித்த சாம்பல் பெயின்ட் நாலின் தலைமேலும் கீறாமல் இருந்தது.

11:20. ஒத்திகை அறை. தரைத்தளம், ஜன்னல் இல்லை. அறைக்கு மூன்று சாவி. இயக்குநரிடம் ஒன்று, வடிவமைப்பாளரிடம் ஒன்று, பொறியாளரிடம் ஒன்று. 11:42க்கு இயக்குநர் தன் அறையில் தனியாக அறிக்கை படித்துக்கொண்டிருந்தார். பொறியாளர் தன் அறையில் தனியாக ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவமைப்பாளர் போனில்.

சுவரை ஒட்டி வரிசையாக மூன்று பெட்டி. கதவுப் பக்கமிருந்து மலை, துறைமுகம், அணை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று எட்டு. நாலாவது இடத்தில் தரையில் தூசியில்லாத நாலு சக்கரத் தடம். ஆணியில் ஒத்திகை அட்டைகள் தொங்கின.

"இந்த அட்டையும் ஊர்ல இருக்கிற அட்டையும் ஒண்ணா?"

வடிவமைப்பாளர் கொஞ்சம் தயங்கினாள். "ஒரே சாவி எண்தான். ஆரம்பத்துல அவசரத்துல அப்படியே போட்டோம். தற்காலிகமா. மாத்தணும்னு பொறியாளர் சார் மூணு குறிப்பு எழுதினாரு. நான்தான் அப்புறம் பார்க்கலாம்னுட்டேன். ஆனா இந்த அறைக்கும் வெளி நெட்வொர்க்குக்கும் தொடர்பே கிடையாதே."

சுவரில் ஒயர் மாட்டும் சொருகி ஒன்று இருந்தது. அதன்மேல் சிவப்பு ரப்பர் மூடி. அறை முழுக்கத் தூசி. அந்த மூடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இது எங்க போகுது?"

"வெளி நெட்வொர்க்குக்குத்தான். எப்பவும் மூடியே இருக்கும்."

எதிரொலி மூடியை விரலால் தடவிப் பார்த்தான்.

*

புதன், பிற்பகல் 1:05.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இயக்குநர் வராந்தாவில் நடந்து போவதை எதிரொலி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பிறகு வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றபடி அச்சுத்தாளை ஒரு தொடையிலும் நோட்டை இன்னொரு தொடையிலும் வைத்தான். இரண்டும் ஒரே பதிவேடு. ஆனால் நோட்டில் இருந்த பதிவேடு கொஞ்சம் அகலமாக இருந்தது.

பன்னைக் கீழே வைத்தான்.

இருபது வருடமாக அவன் பிழைப்பே அந்த மாதிரி எண்கள்தான். நேற்று மாப்பிள்ளை வாயை மூடியிருந்தால் நேற்றே பார்த்திருப்பான்.

1:40. வடிவமைப்பாளரைக் கூட்டிக்கொண்டு ஒத்திகை அறைக்குப் போனான். அவள் கையில் கடிகாரத்தைக் கொடுத்தான். மலைப் பெட்டியில் அட்டையைச் சொருகுவது போல் சொருகி, பொத்தானைத் தொட்டு, மூன்று எட்டு நடந்து, துறைமுகப் பெட்டியில் அதையே செய்தான்.

"எவ்வளவு?"

"நாலு விநாடி."

அவளை நடக்கச் சொன்னான். நாலு. தடியான ஆள் மாதிரி மெதுவாக நடக்கச் சொன்னான். ஐந்து.

"எதுக்கு அண்ணா இது?"

"பிழை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு. யாருன்னு பார்க்கிறேன்."

*

புதன், மாலை 4:30. இயக்குநர் அறை.

நாலு பேர். இயக்குநர் நாற்காலியில். வடிவமைப்பாளர் ஜன்னலோரம். சோதனைப் பொறியாளர் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தார். எதிரொலி நின்றான், உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை.

"அரை மணி நேரம் இருக்கு," என்றார் இயக்குநர்.

"அஞ்சு நிமிஷம் போதும் சார். இந்த அச்சுத்தாள்ல நாலு பத்தி இருக்கு. மலையூர்ப் பெட்டியில அஞ்சு பத்தி இருக்கு. அஞ்சாவது பத்தி என்னன்னு அம்மாவைக் கேளுங்க."

வடிவமைப்பாளர் நிமிர்ந்தாள். சம்மதம் வந்ததும் மையப் பெட்டி அந்த ஊர்ப் பெட்டியை ஒரு தட்டு தட்டிப் பார்க்கும், அதற்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் அந்தப் பத்தி என்றாள். விநாடியை ஆயிரமாக வெட்டின துண்டுக் கணக்கு. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

"நான் அதைத்தான் பார்ப்பேன். வெளிச்சம் நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பி வர ஒரு துண்டு நேரம். மலையூருக்கு இருநூத்தி நாப்பது கிலோமீட்டர் கேபிள். நான் போட்ட கேபிள். போய் வர ரெண்டு புள்ளி நாலு. பெட்டி யோசிக்க வெறும் புள்ளி ரெண்டு. மொத்தம் ரெண்டு புள்ளி ஆறு. போன மாசம் அவ்வளவுதான் ஆயிருக்கு. துறைமுகம் மூணு புள்ளி மூணு. அணை ஒண்ணு புள்ளி மூணு. எல்லாம் தூரத்துக்குச் சரியா இருக்கு."

நோட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை மூணும் புள்ளி ரெண்டு. யோசிச்ச நேரம் மட்டும் இருக்கு, வந்த வழி இல்ல. மலையூர்ல இருந்து அவ்வளவு சீக்கிரம் பதில் வராது சார். எங்க மாப்ள பறந்தாலும் வராது. அந்தச் சம்மதம் இந்தக் கட்டிடத்துக்குள்ள இருந்து வந்திருக்கு."

இயக்குநர் நோட்டைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒத்திகை அறை," என்றாள் வடிவமைப்பாளர் மெதுவாக. "அதே சாவி எண்."

"ஆமாம்மா. மையப் பெட்டிக்கு முகம் தெரியாது, எண்தான் தெரியும். சிவப்பு மூடியை எடுத்து ஒரு ஒயரை மாட்டினா போதும். யாரோ மாட்டியிருக்காங்க. மூடி சுத்தமா இருக்கு."

"சாவி மூணு பேருகிட்டதான் இருக்கு," என்றார் இயக்குநர். "அதுல நானும் ஒருத்தன்."

"மத்தியானம் வரைக்கும் நீங்கதான் சார் என் மனசுல இருந்தீங்க. பழைய திட்டம் உங்களுக்குப் பிடிக்கும். தனியா இருந்தீங்க."

இயக்குநரின் முகம் சிவந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. "அப்புறம் ஏன் விட்டீங்க?"

"நடையைப் பார்த்தேன். மூணு சம்மதத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு பாருங்க. ஏழு, பதினெட்டு, இருபத்தொம்பது. பதினோரு விநாடி, பதினோரு விநாடி. மூணு ஊர்ல மூணு பேரு அமுக்கினா இப்படி அளந்து வெச்ச மாதிரி வராது. ஒரே ஆளு பெட்டி பெட்டியா நடந்திருக்காரு. மூணு எட்டு. எனக்கு நாலு விநாடி. அம்மாவுக்கு நாலு. உங்க உடம்புக்கு அஞ்சு. பதினோரு விநாடி யாருக்கு ஆகும்?"

மூன்று பேர் பார்வையும் முக்காலிமேல் போய் நின்றது. மாவுக்கட்டில் "சோதனை தோல்வி" என்ற எழுத்து நேராகத் தெரிந்தது.

பொறியாளர் கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஒன்பது விநாடிதான் ஆகும்னு நினைச்சேன்," என்றார். "அறையைப் பூட்டிட்டு மாடி ஏறவும் லேட்டாயிடுச்சு."

"ஏன் சார்?" என்றாள் வடிவமைப்பாளர். கோபமாக இல்லை, கேள்வியாகத்தான் கேட்டாள்.

அவர் சொன்னார். மூன்று குறிப்பு எழுதியும் யாரும் சாவி எண்ணை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை பிரதிநிதிகள் வருகிறார்கள். அதற்குள் கண்ணால் காட்டினால்தான் நம்புவார்கள் என்று முடிவு செய்தார். அழித்துக் காட்டிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டு, பார்த்தீர்களா என்று கேட்டு, திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். ஆனால் அவர் மேலே வருவதற்குள் அவள் கோப்பைத் திறந்துவிட்டாள். இயக்குநர் திருட்டு, சதி என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வாய் வரல. அப்புறம் மூணு பேரை நிறுத்திட்டாருன்னு கேட்டேன். அதுக்கப்புறம் இன்னும் வரல. ஒவ்வொரு மணி நேரமும் கஷ்டமாயிட்டே போச்சு. கேட்டா குடுக்கறதுக்கு ஒரு அச்சு வேணுமேன்னு கடைசிப் பத்தியை எடுத்துட்டு அடிச்சேன்."

"உங்க மையத்துல ஒரு பத்தியை மறைச்சீங்க," என்றான் எதிரொலி. "மத்த நாலு ஊர்ல அது அப்படியே இருக்கு. ஒரு இடத்துல மறைச்சா மறையாதுங்கிறதுக்குத்தானே சார் இதைக் கட்டறீங்க."

பொறியாளர் தலை குனிந்தார். பதினெட்டு மாதமாக அந்த ஏற்பாட்டைச் சோதித்தவர் அவர்தான்.

"நீங்க அழிச்சுக் காட்டினதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. அது உங்க தொழிலு. மூணு குடும்பம் ஒரு ராத்திரி தூங்கல. அது உங்க தொழில் இல்ல."

"அளவீடு?" என்றார் இயக்குநர். "திருப்பிக் கொடுக்கிறதா இருந்தாருன்னா எங்க இருக்கு?"

"அதையும் சாரே சொல்லட்டும். நான் சொல்றதுன்னா, மூணு நாளா ரிப்பேர் பார்க்கிற பெட்டியில ஒரு திருகாணிகூட கழட்டாம இருக்கு. பெயின்ட் அப்படியே இருக்கு. அது ரிப்பேருக்கு வரல. ஒளிஞ்சுக்க வந்திருக்கு."

பொறியாளர் தலையசைத்தார். திங்கள்கிழமை எல்லா அளவீட்டையும் ஆலை ஒத்திகைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, அழிக்கும் கட்டளை அதற்குப் போகாதபடி ஒயரைப் பிடுங்கித் தன் மேசைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாராம். செவ்வாய் இரவு வீட்டுக்குக்கூடப் போகாமல் அதன் பக்கத்திலேயே நாற்காலியில் தூங்கியிருக்கிறார்.

வடிவமைப்பாளர் ஓடினாள். ஓடுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் ஆலைப் பெட்டியின் மின்விசிறி சுழல ஆரம்பிக்கிற சத்தம். அதன்பின் அவள் சிரிக்கிற சத்தம், தனியாக, சத்தமாக.

4:58. இயக்குநர் போனை எடுத்தார். போலீஸுக்கு இல்லை. துறைமுகத்துக்கு, அணைக்கு, கடைசியாக மலையூருக்கு. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர்; மூன்று முறை ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். மலையூர் போனை அவர் நெடுநேரம் வைக்க முடியவில்லை. மறுமுனையில் பேச்சு நிற்கவில்லை.

பொறியாளரை வேலையை விட்டு அனுப்பலாம் என்றுதான் இயக்குநர் ஆரம்பித்தார். வடிவமைப்பாளர் கூடாது என்றாள். குறிப்பைப் படிக்காதது என் தப்பு என்றாள். படிக்கச் சொல்லாதது உங்கள் தப்பு என்றும் சொன்னாள். கடைசியில், மூன்று ஊருக்கும் அவரே நேரில் போய் மூன்று பேரிடமும் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அலுவலக வண்டி கிடையாது. பஸ்ஸில்.

*

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வடிவமைப்பாளர் எதையும் மறைக்கவில்லை. தன் திட்டத்தை யார், எப்படி, எத்தனை விநாடியில் உடைத்தார்கள் என்று முதலில் சொன்னாள். பிறகு புதிதாகச் சேர்த்த ஒரு விதியைச் சொன்னாள். ஒவ்வொரு ஊரின் சம்மதமும் அந்த ஊரின் தூரத்துக்குத் தகுந்த நேரத்தில் வர வேண்டும். அதைவிடச் சீக்கிரம் வந்தால் பெட்டி ஏற்காது. ஐந்து பிரதிநிதிகளில் நாலு பேர் கை தூக்கினார்கள். இயக்குநர் தோற்றதுபோலத் தெரியவில்லை. பொறுப்பாளர்களின் ஷிப்டு மனுவையும் அன்றே ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை 10:15க்கு மலையூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு மாவுக்கட்டும் ஒரு கைத்தடியும் இறங்கின. நிறுத்தத்திலிருந்து பெட்டி அறை வரை ஏற்றம். எதிரொலி பக்கத்துக் குழியில் நின்றிருந்தான். மாப்பிள்ளை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வரட்டும் மச்சான். முழுசா ஏறி வரட்டும். நான் ஒரு அடி நகர மாட்டேன். உன் தங்கச்சி மேல சத்தியம்."

எதிரொலி கடிகாரத்தைப் பார்த்தான். பொறியாளர் ஊன்றி ஊன்றி ஏறினார். ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி ஏறினார். ஆறு நிமிடத்தில் பாதிதான் வந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மாப்பிள்ளை கட்டிய கையை அவிழ்த்தான். திரும்பி மச்சானைப் பார்த்தான். எதிரொலி கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவரு இப்படி வந்தா சாயங்காலம் ஆயிடும்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினான். நடு ரோட்டில் அதைப் போட்டான். பொறியாளர் உட்கார்ந்தார். அவர் என்ன சொன்னார் என்பது குழிவரை கேட்கவில்லை. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை பேசினான். அது மட்டும் பதிமூன்று நிமிடம் ஆயிற்று.